பதினான்கு குழுவில் சேர்ந்தாயிற்று, அப்புறம்?

வகுப்பறை வாசல்: வாசகர் கேள்வி – பதில்

பி.எட்., தொடக்கக் கல்விப் பட்டயம் படிப்பவர்களிடமிருந்து ஒரே பொருளில் கடிதங்கள் குவிந்துவிட்டதால், இந்த இதழில் பகுதி முழுவதும் அதற்கே. 'இணையவழித் தொழில்முறைக் கற்றல் வலையமைப்பு ஒன்றை உருவாக்கி, அதுபற்றிச் சிந்தனைக் குறிப்பு எழுதுக' என்று கல்லூரியில் ஒப்படைவு கொடுத்திருக்கிறார்கள். பெயர் நீளம். இங்கே 'கற்றல் வலை' என்றே வைத்துக்கொள்வோம்.

கேள்வி: ஒப்படைவு கொடுத்த அன்றே 14 வாட்ஸ்அப் குழு, 6 டெலிகிராம் சேனலில் சேர்ந்துவிட்டேன். ஒரு நாளைக்கு 400 செய்தி வருகிறது. இதுதான் கற்றல் வலையா? எதையும் கற்ற மாதிரித் தெரியவில்லையே.
– பி.எட். முதலாண்டு மாணவி, விழுப்புரம்

இருபது வீட்டுக் கடிதங்களும் உங்கள் வாசலில் வந்து விழுகின்றன, அவ்வளவுதான். ஒரு சோதனை செய்து பாருங்கள். நாளை எட்டாம் வகுப்புக்கு 'விசையும் அழுத்தமும்' எடுக்கிறீர்கள். தம்ளரில் தண்ணீர் நிரப்பி, அட்டையால் மூடிக் கவிழ்க்கும் சோதனையைச் செய்து பார்த்தால் அட்டை நிற்காமல் விழுகிறது. அந்தப் பதினான்கில் எந்தக் குழுவில் கேட்டால், இன்றிரவுக்குள் யாராவது 'தம்ளர் விளிம்பு சொட்டையா? அட்டை நனைந்து வளைந்துவிட்டதா? பழைய அழைப்பிதழ் அட்டையை வைத்துப் பாருங்களேன்' என்று சொல்வார்கள்? அப்படி ஒருவர் இருந்தால் அவர் உங்கள் வலையில் ஒரு கண்ணி. ஒருவரும் இல்லையென்றால் 400 செய்தியும் இரைச்சல்தான்.

ஆகவே குழுக்களைத் தேடிப் போகாமல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பள்ளி உற்றுநோக்கலுக்குப் போயிருப்பீர்கள். அங்கே உறுத்திய மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதுங்கள். 'ஆறாம் வகுப்பில் ஐந்து பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே வரவில்லை.' 'நாற்பது பேருக்கு ஒரே நுண்ணோக்கி.' 'ஆங்கில வழி வகுப்பில் தமிழில் விளக்கினால் தலைமையாசிரியர் முகம் சுளிக்கிறார்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது யாருக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதுங்கள். முதலாவதுக்கு, அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 முதல் நடத்திவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும், சிறப்பாசிரியர் ஒருவரும். இரண்டாவதுக்கு, அரசுப் பள்ளியில் பத்து வருடமாவது ஆய்வகத்தோடு மல்லுக்கட்டிய அறிவியல் ஆசிரியர். மூன்றாவதுக்கு, இருமொழி வகுப்பறையில் பழகிய ஒரு மொழியாசிரியர். இப்படிப் போட்டால் பத்துப் பன்னிரண்டு வகை ஆட்கள் தேறுவார்கள். ஆரம்பத்துக்கு அவ்வளவு போதும்.

அந்தப் பன்னிரண்டு பேரில் உங்கள் கல்லூரிக்காரர்கள் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இதற்குக் காரணம் சொல்கிறது. வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகக்காரர்கள் வழியாகவே அதிகம் வந்ததை அவர் கண்டார். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவரும். உங்கள் வகுப்புத் தோழிகள் படிப்பதும் நீங்கள் படிக்கும் அதே கைடுதானே.

ஆட்களைக் கண்டுபிடிக்க, ஒரு வாரம் குழுக்களில் எதுவும் எழுதாமல் கவனியுங்கள். 'காலை வணக்கம்' படம் போடுபவர், பார்வர்டு மட்டும் செய்பவர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்பவர் என்று மூன்று வகை தெரியும். மூன்றாம் வகையினர் இருக்கும் குழுக்களை வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து கிளம்பிவிடுங்கள். மூன்று குழு மிஞ்சினாலே அதிர்ஷ்டம். டெலிகிராம் சேனல், கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கம், அரசின் திக்ஷா கற்றல் தளம் எல்லாம் பொருள் கிடைக்கும் இடங்கள். தேவைதான், ஆனால் அவை உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காது. ஒப்படைவில் ஆட்களையும் இந்த இடங்களையும் ஒரே பட்டியலில் போட்டால் பேராசிரியர் அங்கேயே சிவப்பு மையால் சுழிப்பார்.

நேரம்: தினமும் 20 நிமிடம், இரவு எட்டு மணிக்கு மேல். பணியில் இருக்கும் ஆசிரியர்கள் வீட்டு வேலை முடித்துப் பதில் எழுதும் நேரம் அதுதான். பள்ளி நேரத்தில் கேட்டுவிட்டு 'யாருமே பதில் சொல்லவில்லை' என்று வருந்த வேண்டாம்.

கேள்வி: கேள்வி கேட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை, சார். அல்லது ஒரு பிடிஎஃப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். புதியவர்கள் என்பதாலா?
– பி.எட். இரண்டாமாண்டு மாணவர், தேனி

நீங்கள் கேட்டதாக இணைத்து அனுப்பிய கேள்வி இது: 'ஆறாம் வகுப்பு மேத்ஸ் லெசன் பிளான் இருந்தா அனுப்புங்க ப்ளீஸ்.' பிடிஎஃப் கேட்டீர்கள், பிடிஎஃப் வந்தது. குழு நியாயமாகத்தான் நடந்திருக்கிறது.

அதே பாடத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

'ஆறாம் வகுப்பு, தமிழ் வழி, 34 பேர். வேற்றினப் பின்னங்களின் கூட்டல். 19 பேர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினார்கள். மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) கண்டுபிடித்துக் கூட்டுவதைப் பலகையில் இரண்டு முறை செய்து காட்டினேன். அன்றைக்குச் சரியாகச் செய்தவர்களும் மறுநாள் 2/5க்கே போய்விட்டார்கள். மீ.சி.ம.வுக்கு முன்னால், கையால் செய்து பார்க்கும் செயல் ஒன்று வேண்டும். செலவில்லாமல், ஒரு பாடவேளைக்குள். வியாழக்கிழமை எடுக்கிறேன்.'

வகுப்பு, வழி, எண்ணிக்கை, பிள்ளைகள் எழுதிய தவறு அப்படியே, நீங்கள் செய்து பார்த்தது, அது எங்கே உடைந்தது, என்ன வேண்டும், எப்போது வேண்டும் எல்லாம் இருக்கிறது. ஐம்பது வார்த்தைக்குள்தான். இதில் முக்கியமானது பிள்ளைகள் எழுதிய அந்த 2/5. 'பின்னம் புரியவில்லை' என்றால் யாரும் எங்கிருந்தும் தொடங்க முடியாது. 2/5 என்றதுமே அனுபவமுள்ளவருக்கு நோய் தெரிந்துவிடும்: பிள்ளை பின்னத்தை ஒரே எண்ணாகப் பார்க்கவில்லை, மேலே ஓர் எண் கீழே ஓர் எண் என்று இரண்டாகப் பார்த்து, மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியிருக்கிறது.

அப்போது வரும் பதிலும் வேறு மாதிரி இருக்கும். உதாரணமாக: ஒவ்வொருவருக்கும் 12 செ.மீ. நீளத் தாள் பட்டை மூன்று. முதல் பட்டையை இரண்டாக மடித்தால் அரை, 6 செ.மீ. அடுத்ததை மூன்றாக மடித்தால் மூன்றில் ஒன்று, 4 செ.மீ. இரண்டையும் வெட்டி, மூன்றாவது முழுப் பட்டையின் மேல் ஒட்டவைத்தால் 10 செ.மீ. மூடும். பிறகு அவர்கள் எழுதிய 2/5ஐ அளக்கச் சொல்ல வேண்டும்: 4.8 செ.மீ. வெறும் அரையே 6 செ.மீ. இருக்க, அதோடு இன்னொன்றைக் கூட்டியது எப்படிக் குறைந்தது? இந்த இடத்தில் வகுப்பில் சத்தம் வரும், வரட்டும். பட்டையை ஆறு சமபாகமாக மடித்தால் ஒரு பாகம் 2 செ.மீ.; ஐந்து பாகம் மூடியிருப்பது கண்ணுக்கே தெரியும். மீ.சி.ம. அதற்கப்புறம் வரலாம்.

இதிலும் தவறுவது உண்டு. கணக்குக்கு வசதி என்று 10 செ.மீ. பட்டை எடுத்தால் மூன்றில் ஒன்று 3.33 என்று வந்து, பாடம் தசமத்துக்குள் போய் விழும். நோட்டுத் தாளைக் கையால் கிழித்தால் விளிம்பு நேராக இராது, அளவு பொருந்தாது. குறைந்தது ஐந்து கத்தரிக்கோல் வேண்டும்.

பலர் விட்டுவிடுவது கடைசிப் படியை. வியாழன் மாலை அதே குழுவுக்குப் போய், 'செய்தேன். மூன்றாக மடிக்கவே 15 நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் 4.8ஐப் பார்த்ததும் பாதிப் பேர் தாங்களே திருத்தினார்கள்' என்று எழுதுங்கள். பதில் சொன்னவருக்கு நன்றிப் பூங்கொத்துப் படத்தைவிட இது மேல். அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்ததுமே அவர் நின்று படிப்பார்.

கேள்வி: நான் எதுவும் எழுதமாட்டேன், படிப்பது மட்டும்தான். ஒப்படைவில் இதைச் சொன்னால் மதிப்பெண் குறையுமா?
– கல்விப் பட்டய மாணவி, புதுக்கோட்டை

சொல்லுங்கள். கற்றலை ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இலேயே, ஒரு தொழிற்குழுவில் புதியவர் ஓரத்தில் நின்று பார்ப்பதும் முறையான பங்கேற்புதான் என்று எழுதியிருக்கிறார்கள். தையல் கடையில் சேர்ந்த பையன் முதலில் காஜா எடுத்து, பட்டன்தான் தைப்பான்; சட்டையை வெட்டவிட மாட்டார்கள். ஆனால் ஓரத்திலிருந்து உள்ளே நகர்வதுதான் அவர்கள் பேச்சின் மறுபாதி. ஆறு மாதம் கழித்தும் பட்டனே தைத்துக்கொண்டிருந்தால் அது வேறு. பெரிதாக ஒன்றும் வேண்டாம்: யாரோ புகைப்படமாகப் போட்ட வினாத்தாளைத் தட்டச்சு செய்து கொடுங்கள். செயலிழந்த இணைப்புக்குப் புதிய இணைப்பைத் தாருங்கள்.

கேள்வி: எக்ஸ் தளத்தில் கணக்கு வைக்க வேண்டும் என்கிறார் பேராசிரியர். அவசியமா?
– பி.எட். மாணவர், சேலம்

ட்விட்டர் என்ற பெயரில் இருந்த காலத்தில், 2009இல் தொடங்கிய #எட்சாட் உரையாடல் ஆசிரியர்களிடையே பெரிய பேர் வாங்கியது. அந்தப் பெயர்தான் இன்னும் பாடநூல்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது நடந்தது நியூயார்க் நேரப்படி செவ்வாய் மாலை ஏழு மணிக்கு; நமக்குப் புதன் விடியற்காலை 4.30 அல்லது 5.30. எழுந்து உட்கார்ந்தாலும் பேச்சு அவர்கள் மாவட்டத்துப் பள்ளிகளைப் பற்றியது. ஆங்கிலம் கற்பிப்பவராக இருந்தால் முயலுங்கள். தமிழ் அல்லது சமூக அறிவியல் என்றால் அந்த நேரத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் செலவழிக்கலாம். 2003 முதல் இயங்கிவருகிறது. ஒரு கட்டுரையைத் திருத்தினால் ஏன் திருத்தினீர்கள் என்று பேச்சுப் பக்கத்தில் கேட்பார்கள். நல்ல பயிற்சி.

கேள்வி: தமிழ்நாட்டு ஆசிரியர்களின் குழுக்களில் வருகிற குறிப்புகளும் காணொளிகளும் நல்லாக இருக்கின்றன. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சொற்கள் குழப்புகின்றன. பாவிக்கலாமா?
– விஞ்ஞான ஆசிரிய மாணவி, கோப்பாய், யாழ்ப்பாணம்

பாவிக்கலாம், சொல்லை மாற்றிவிட்டு. ஆக்சிஜன் உங்களுக்கு ஒட்சிசன், செல் கலம், திசு இழையம், ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு, முடுக்கம் ஆர்முடுகல். கணிதத்தில் கணம் என்றால் தொடை. முற்றிலும் வேறான சொற்கள் என்பதால் இவற்றில் ஆபத்தில்லை. பிள்ளை உடனே 'என்ன இது' என்று கேட்டுவிடும்.

ஆபத்து, ஒரே சொல் இரு பொருளில் வருகிற இடத்தில். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'வேகம்' திசை சேராத அளவு; திசை சேர்ந்தால் 'திசைவேகம்'. இலங்கைப் பாடநூலில் திசை சேராதது 'கதி'. திசை சேர்ந்தது 'வேகம்'. ஆகவே சென்னையில் எடுத்த காணொளியில் 'வட்டப் பாதையில் சீரான வேகத்தில் செல்லும் வண்டி' என்று வந்தால், அங்கே அது சரியான வாக்கியம். உங்கள் வகுப்பில் பிழை: திசை மாறிக்கொண்டே இருப்பதால் வேகம் சீராக இருக்க முடியாது, கதிதான் சீரானது. யாரும் கையுயர்த்திக் கேட்கவும் மாட்டார்கள், ஏனென்றால் சொல் தெரிந்த சொல். இவை தவிர, இங்கே திறன் என்பது உங்களுக்கு வலு. இங்கே ஆற்றல் என்பது உங்களுக்குச் சக்தி.

அலகு ஒன்றுக்கு இரண்டு பத்தியில் ஒரு சொற்பட்டியல் போட்டுவிடுங்கள். ஒலியை அணைத்துவிட்டுக் காணொளியின் படத்தை மட்டும் ஓட்டி, விளக்கத்தை நீங்களே சொல்வது இன்னும் நல்லது. தேடும்போதும் இரு சொல்லையும் போட்டுத் தேடுங்கள். 'ஒளித்தொகுப்பு' என்று மட்டும் தேடினால் இந்தப் பக்கத்துப் பொருள் பாதிக்கு மேல் கண்ணில் படாது. இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ, ஈழத்து நூல்களின் எண்ணிமத் தொகுப்பான நூலகம் ஆகிய இரு தளங்களும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சொற்பட்டியலைக் குழுவில் போட்டீர்களென்றால் இக்கரை ஆசிரியர்களுக்கும் நூலகத் தளத்துப் பழைய நூல்களைத் தேட உதவும். வலை இரு பக்கமும் இழுக்க வேண்டாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து தோழிகள் தனிக் குழு வைத்திருக்கிறோம். பாடம் பற்றிப் பேசத்தான் தொடங்கினோம். இப்போது வெறும் அரட்டை.
– பி.எட். முதலாண்டு மாணவி, தஞ்சாவூர்

அரட்டை இருக்கட்டும், அதுவும் வேண்டும். அதற்குள் வாரம் ஒருநாள் நுண்ணிலைக் கற்பித்தலை வையுங்கள். கற்பிக்க 6 நிமிடம், பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6 – ஆக 36 நிமிடச் சுழற்சி. கல்லூரியில் வகுப்புக்கு நூறு பேர் இருந்தால் உங்கள் முறை எப்போது வரும்? குழுவில் ஒருவர் 6 நிமிடம் பதிவு செய்து போடட்டும். மற்ற நால்வரும் ஒரே திறனை மட்டும் பார்க்கட்டும். கிளர்வினா (பதிலைத் துருவிக் கேட்கும் கேள்வி) என்றால் கிளர்வினா மட்டும். எத்தனை கேள்வி கேட்டாள், பதில் வர எத்தனை நொடி காத்திருந்தாள், 'தெரியாது' என்றதும் அடுத்தவரிடம் போனாளா, அதே மாணவியிடம் துப்புக் கொடுத்தாளா. 'சூப்பர்டீ' என்ற பின்னூட்டத்துக்குக் குழுவில் தடை.

பதிவு கெடுவது பெரும்பாலும் ஒலியில். போனைக் கடைசி பெஞ்சில் வைத்தால் மின்விசிறிச் சத்தம்தான் பதிவாகும். ஒரு போனில் படம் எடுங்கள். இன்னொரு போனை ஒலிப்பதிவில் போட்டுச் சட்டைப்பையிலோ மேசை மேலோ, உங்களிடமிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள்.

கேள்வி: கற்பித்தல் பயிற்சியில் என் வகுப்பைக் காணொளி எடுத்துப் பகிரலாமா? தலைமையாசிரியர் 'எடுத்துக்கோம்மா' என்று வாயால் சொல்லிவிட்டார்.
– பி.எட். இரண்டாமாண்டு மாணவி, திருநெல்வேலி

பிள்ளைகள் முகம் தெரியும் என்றால் வேண்டாம். எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. தலைமையாசிரியர் வாயால் சொன்னது பெற்றோர் ஒப்புதல் ஆகாது. நாளை பிரச்சினை என்றால் அவருக்கு நினைவும் இருக்காது.

முகத்தை மறைத்தால் போதும் என்று நினைத்துப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அடையாள அட்டையின் நாடாவில் பள்ளிப் பெயர் இருக்கும். பலகையின் வலது மூலையில் வகுப்பும் வருகைப் பதிவும் எழுதியிருக்கும். பின்னணியில் நீங்களே பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள். மதிப்பெண் பட்டியலைப் படமெடுத்தால் பெயரோடு மாணவர் அடையாள எண்ணான எமிஸ் எண்ணும் சேர்ந்து வரும். உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? பிள்ளை செய்த தவறு. அந்த ஒரு கணக்கை மட்டும் மேலிருந்து படமெடுத்து, நோட்டின் பெயர்ப் பகுதியை வெட்டிவிட்டுப் போடுங்கள். அதில்தான் பேச விஷயமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளை வீட்டிலோ பள்ளியிலோ தனக்கு நடந்த பாலியல் தொல்லையைப் பற்றி உங்களிடம் சொன்னால், 'பெயர் சொல்லாமல் கேட்கலாமே' என்று குழுவுக்குப் போகாதீர்கள். போக்சோ சட்டம், 2012இன்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, தமிழ்நாட்டுக் கல்வி உதவி எண் 14417.

கேள்வி: போன் நிறைந்துவிட்டது. 3,000 பிடிஎஃப் இருக்கிறது. வேண்டும்போது ஒன்றும் கிடைப்பதில்லை. அதில் பாதி கைடுகளின் ஸ்கேன் பிரதி. வைத்திருக்கலாமா?
– பி.எட். மாணவர், வேலூர்

முதலில் வாட்ஸ்அப்பில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதியும் கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் இப்போது சேர்கிறது. அது நிறைந்தால் மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். நேர்காணல் அழைப்பு வருகிற வாரத்தில்தான் அது நிற்கும்.

வைத்துக்கொள்வதற்குப் பெயர் மாற்றுங்கள்: வகுப்பு, பாடம், அலகு, ஆண்டு. '08-அறிவியல்-விசை-2024'. ஆண்டு ஏன் என்றால், தமிழ்நாட்டில் 2018 தொடங்கிப் பாடநூல்கள் மாறின. அதற்கு முந்தைய குறிப்புகள் இன்னும் குழுக்களில் சுற்றுகின்றன. பழைய அலகுக்குப் பாடத்திட்டம் எழுதிக்கொண்டு போய் வகுப்பு வாசலில் நின்றால் எப்படி? பெயர் மாற்றச் சோம்பலாக இருக்கிறதா? அப்படியானால் அந்தக் கோப்பு உங்களுக்கு வேண்டாம்.

கைடுகள் விஷயத்தில், வகுப்பில் கற்பிக்கும்போது ஒரு பகுதியைப் பயன்படுத்த 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியருக்கு இடம் தருகிறது. முழுப் புத்தகத்தையும் ஸ்கேன் செய்து ஆயிரம் பேர் குழுவில் ஏற்றுவது அந்த இடத்துக்குள் வராது. பகிர வேண்டுமானால் பகிரவே வெளியிடப்பட்டவற்றைப் பகிருங்கள்: திக்ஷாவின் காணொளிகள், கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் செயல்விளக்கங்கள் – இவற்றில் பல தமிழிலும் உண்டு – ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் கோப்புகள், விக்கிமீடியா பொதுவகப் படங்கள். படத்தின் கீழே யாருடையது, எந்த உரிமம் என்று ஒரு வரி சேர்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும்.

கேள்வி: குழுவில் வரும் அரசாணைகளை நம்பலாமா?
– கல்விப் பட்டய மாணவர், கடலூர்

எண், நாள், துறை, ஒப்பமிட்டவர் பதவி – இந்த நான்கில் ஒன்று வெட்டப்பட்டிருந்தாலும் நம்பாதீர்கள். இயக்குநரின் செயல்முறைகள் என்றால் மேலே ந.க. எண் என்ற கோப்பு எண் இருக்கும். முழுப் பொய்யைவிட அதிகம் சுற்றுவது மூன்று வருடத்துக்கு முந்தைய உண்மை ஆணை, நாள் தெரியாமல் வெட்டப்பட்டது. துறையின் தளத்திலும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தளத்திலும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பகிர வேண்டாம், 'உண்மையா?' என்று கேட்டும் பகிர வேண்டாம். அடுத்த குழுவுக்குப் போகும்போது கேள்விக்குறி உதிர்ந்துவிடும்.

கேள்வி: நான்கு பக்கம் சிந்தனைக் குறிப்பு எழுதினேன். 'நடந்ததை மட்டும் சொல்லியிருக்கிறாய், ரிஃப்ளெக்ஷன் எங்கே?' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு என்னதான் எழுதுவது?
– பி.எட். இரண்டாமாண்டு மாணவி, மதுரை

நீங்கள் அனுப்பியதிலிருந்து ஒரு வரி: 'இக்குழுக்களில் இணைந்ததன் மூலம் பல புதிய கற்பித்தல் முறைகளை அறிந்துகொண்டேன். இது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.' இதில் உங்கள் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். பேராசிரியருக்குச் சிக்கல் அங்கேதான்.

இப்படி எழுதிப் பாருங்கள்: 'எதுகை, மோனையை விளக்கக் குழுவில் மூன்று யோசனை வந்தது. திரைப்பாடல் யோசனையை விட்டுவிட்டேன். பாட்டைப் போட்டால் வகுப்பு பாட்டோடு போய்விடும் என்று பயம். பழமொழிகளை எடுத்தேன். "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்றதும் முதல் எழுத்து மோனையை எதிர்பார்த்தேன். பிள்ளைகள் எதுகையைத்தான் முதலில் பிடித்தார்கள். அப்படியானால் எதுகையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அடுத்த பிரிவில் வரிசையை மாற்றுகிறேன்.' ஏற்றது, தள்ளியது, தள்ளிய காரணம், எதிர்பார்த்தது, நடந்தது, அடுத்து செய்யப்போவது – ஆறும் வந்துவிட்டன. அந்தப் பயம் சரிதானா என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால் இன்னும் கனம்.

தொழில்முறைச் சிந்தனை பற்றி எழுதிய டொனால்ட் ஷான் 1983இல் செய்த பிரிப்பு ஒன்று உதவும்: செய்துகொண்டிருக்கும்போதே சிந்திப்பது, செய்து முடித்தபின் சிந்திப்பது. எதுகையைப் பிள்ளைகள் பிடித்ததும் அந்த நிமிடமே வரிசையை மாற்றியிருந்தால் முதல் வகை. கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு கட்டச் சுழற்சியைத்தான் பல கல்லூரிகளில் கேட்கிறார்கள்: விவரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயல்திட்டம். ஆறையும் ஆறு சம பத்திகளாக எழுத வேண்டியதில்லை. விவரிப்பை ஐந்து வரியில் முடியுங்கள். உங்கள் நான்கு பக்கத்தில் மூன்றரை அதிலேயே போயிருக்கிறது. பகுப்பாய்வுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுங்கள்.

ஆதாரமாகத் திரைப்பிடிப்பு சேர்ப்பீர்கள். பதில் சொன்னவர்களின் பெயர், எண், முகப்புப் படம் மூன்றையும் மறையுங்கள். பென்சில் கருவியால் மேலே கிறுக்கினால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கையில் அடியில் எழுத்து தெரியும். கறுப்புக் கட்டத்தால் மூடுங்கள்.

கேள்வி: இணையவழிக் கருத்தரங்குகளில் 52 மின்சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். கோப்பில் வைக்கலாமா?
– பி.எட். மாணவர், கோவை

இரண்டு வையுங்கள். அந்த இரண்டிலும் கேட்டதை வகுப்பில் என்ன செய்தீர்கள் என்று பின்பக்கம் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் ஒன்று வையுங்கள்.

கேள்வி: பயிற்சி முடிந்ததும் அந்தப் பள்ளி ஆசிரியர்கள் குழுவிலிருந்து வெளியேறிவிடலாமா? சொல்லாமல் போனால் தப்பா?
– பி.எட். இரண்டாமாண்டு மாணவி, நாகர்கோவில்

சொல்லிவிட்டே போங்கள். பள்ளியின் உள்விவகாரம் பேசும் குழுவில் வெளியாள் நீடிப்பது அவர்களுக்கும் சங்கடம். போவதற்கு முன், வழிகாட்டி ஆசிரியரிடம் தனியாகத் தொடர்பில் இருக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்தான், அந்தப் பன்னிரண்டில் அவருக்கு ஓர் இடம் உண்டு. நீங்கள் தயாரித்த பட்டைகள், அட்டைகள், சொற்பட்டியல் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையாக அவருக்கு அனுப்பிவையுங்கள். ஏதாவது குழுவுக்கு நீங்கள் நிர்வாகி என்றால் இன்னொருவரை நிர்வாகியாக்கிவிட்டு வெளியேறுங்கள். போனில் இருக்கும் பிள்ளைகளின் படங்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் அழியுங்கள். அழித்தபின் குப்பைத் தொட்டிக் கோப்புறையையும், கூகுள் போட்டோஸில் தானாகச் சேர்ந்த பிரதியையும் பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.